சோற்றில் ஏறும் உலோகம்

இரண்டாம் ஆண்டு மாணவர், வேதியியல் பொறியியல் பிரிவு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடுங்கள் என்று நம் மாணவர் சங்கத் தோழர்கள் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்கா பஞ்சம்! அதனால் நான் தினமும் சாப்பிடுகிற ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் சோறு.

நான் விவசாயக் குடும்பத்துப் பையன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கையெழுத்துப் போடுவார். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. ஆனால் நாற்றின் நிறத்தைப் பார்த்தே பயிருக்கு என்ன குறை என்று இருவரும் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களாலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு குறை இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்: கன உலோகங்கள் தானியப் பயிர்களை என்ன செய்கின்றன?

சிங்க்கில் கொட்டப் போன ஆரஞ்சுத் தண்ணீர்

இந்த விஷயம் என் மண்டையில் ஏறியதற்கு ஒரு சின்னச் சம்பவம் காரணம். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

போன பருவத்தில் செமினாருக்காக நானும் என் நண்பனும் ஒரு சோதனை செய்தோம். பொட்டாசியம் டைகுரோமேட் நமக்குப் பழக்கமான உப்புதானே? டைட்ரேஷனில் எல்லோரும் கையாண்டிருக்கிறோம். அதன் மூலக்கூறு எடை 294. அதில் குரோமியம் மட்டும் 104. அதாவது 35 சதவீதம். எனவே 0.283 கிராம் உப்பை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால், லிட்டருக்கு 100 மில்லிகிராம் குரோமியம் உள்ள கரைசல் கிடைக்கும். அதில் கொஞ்சம் எடுத்துப் பத்து மடங்கு நீர் சேர்த்து இன்னொரு கரைசல் செய்தோம். மூன்று பெட்ரி டிஷ்களில் வடிதாள் போட்டு, ஒன்றுக்கு 25 விதைநெல் வீதம் வைத்தோம். முதல் தட்டுக்கு வெறும் தண்ணீர், இரண்டாவதற்கு 10 மில்லிகிராம் கரைசல், மூன்றாவதற்கு 100 மில்லிகிராம் கரைசல்.

ஏழு நாள் கழித்துப் பார்த்தோம். முதல் தட்டில் வெள்ளை வெளேரென்று நீண்ட வேர்கள். இரண்டாவது தட்டில் முளை வந்திருந்தது, வேர் மட்டும் குட்டை. மூன்றாவது தட்டில் பல நெல் முளை காட்டியும் வேர் நீளவே இல்லை. நுனி பழுப்பாகி நின்றுவிட்டது. முளைத்த நெல் எல்லாம் பிழைத்த நெல் இல்லை என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம்.

சோதனை முடிந்தது, செமினாருக்குப் படமும் வரைந்தாயிற்று என்ற சந்தோஷத்தில், மிச்சமிருந்த 700 மில்லி ஆரஞ்சுத் தண்ணீரை சிங்க்கில் ஊற்றப் பாட்டிலைச் சாய்த்தேன். லேப் உதவியாளர் அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இந்த சிங்க் தண்ணி எங்க போவுதுன்னு பாத்திருக்கியா?"

"தெரியாதுண்ணே. கீழ போவுது."

"கீழன்னா எங்க? வா, காட்டுறேன்."

கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துப் போனார். குழாய் ஒரு திறந்த வாய்க்காலில் விழுகிறது. வாய்க்கால் சுற்றுச்சுவரைத் தாண்டிச் சாலையோரமாக ஓடுகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய நெல் வயல். நட்டு இருபது நாள் இருக்கும், பச்சைப் பசேலென்று நின்றது. அண்ணன் வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை.

திரும்பி வந்து கணக்குப் போட்டேன். என் பாட்டிலில் இருந்த குரோமியம் 70 மில்லிகிராம். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 10500 தரத்தின்படி குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியென்றால் அந்த ஒரு பாட்டிலை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 1,400 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும்! செமினாருக்கு "மாசுக் கட்டுப்பாடு" என்று தலைப்பு வைத்தவன் செய்யப் போன காரியம் இது.

பிறகு சார் சொல்லித்தர, கையுறை போட்டு, அந்தத் தண்ணீரை முறைப்படி சுத்திகரித்தோம். நீர்த்த கந்தக அமிலம் விட்டு பி.எச். அளவை 2-க்கும் 3-க்கும் இடையே கொண்டுவந்து, சோடியம் பை சல்ஃபைட் சேர்த்தோம். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறியது. அதாவது ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறன் குரோமியமாக ஒடுக்கப்பட்டது. பிறகு சுண்ணாம்பு நீர் விட்டு பி.எச். 8-ஐத் தாண்டியதும் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் வீழ்படிவு அடியில் தங்கியது. வடிகட்டி அதை ஒரு பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டி வைத்தோம். அந்தப் பாட்டில் இன்றைக்கும் லேப் அலமாரியில் இருக்கிறது.

இதில்தான் பாடமே இருக்கிறது நண்பர்களே. சாணம் மக்கும், இலை மக்கும், பூச்சிமருந்துகூடப் பல வருடங்களில் சிதையும். உலோகம் என்பது தனிமம். அது மக்காது, அழியாது. இடம் மாறும், வடிவம் மாறும், அவ்வளவுதான். பாட்டிலில் இல்லையென்றால் வாய்க்காலில். வாய்க்காலில் இல்லையென்றால் வயலில். வயலில் இல்லையென்றால் தட்டில்.

கன உலோகம் என்றால் என்ன?

ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5 கிராமுக்கு மேல் அடர்த்தி உள்ள உலோகங்களைக் கன உலோகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். குரோமியம் 7.2, காட்மியம் 8.65, ஈயம் 11.3, பாதரசம் 13.5. ஆர்சனிக் முழு உலோகம் இல்லை, உலோகப்போலி. ஆனாலும் செய்கிற வேலை ஒன்று என்பதால் அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எல்லாக் கன உலோகமும் எதிரி இல்லை. துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, இரும்பு, நிக்கல் ஆகியவை பயிருக்குச் சிறிதளவு வேண்டும். துத்தநாகம் குறைந்தால் நெல் வளராது என்று நாமே ஜிங்க் சல்ஃபேட் போடுகிறோம். அளவு மீறினால் அவையும் நஞ்சு. காட்மியம், ஈயம், பாதரசம் போன்றவைக்கோ நெற்பயிரின் உடம்பில் ஒரு வேலையும் கிடையாது. அழைக்காத விருந்தாளிகள் அவை.

நிலத்துக்கு எப்படி வருகின்றன?

1. ஆலைக் கழிவுநீர்: தோல் பதனிடுதல் (குரோமியம்), மின்முலாம் (குரோமியம், நிக்கல், காட்மியம்), பேட்டரித் தொழில் (ஈயம், காட்மியம்), சுரங்கம்.

2. சுத்திகரிக்காத நகரக் கழிவுநீரையும் அதன் கசடையும் வயலில் விடுவது.

3. பாஸ்பேட் உரங்கள்: பாஸ்பேட் பாறையிலேயே இயற்கையாகக் கொஞ்சம் காட்மியம் உண்டு. ஆண்டுக்கணக்கில் போடப் போட மண்ணில் சேரும்.

4. நிலத்தடி நீர்: மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க் கிணற்று நீரிலேயே ஆர்சனிக் இருக்கிறது. அதே தண்ணீரில்தான் கோடை நெல்லும் விளைகிறது. அங்கே எந்த ஆலையும் குற்றவாளி இல்லை, பூமிக்கு அடியில் இருக்கும் வண்டல்தான் காரணம்.

பயிருக்குள் என்ன நடக்கிறது?

1. முளைப்பு: விதைக்குள் சேமித்திருக்கும் மாவை அமைலேஸ் என்ற நொதிதான் சர்க்கரையாக்கி முளைக்கு ஊட்டுகிறது. காட்மியமும் குரோமியமும் அந்த நொதியின் வேலையைக் குறைக்கின்றன. மூட்டையில் அரிசி இருந்தும் அடுப்பு எரியாத வீடு மாதிரி ஆகிவிடுகிறது விதை.

2. வேர்: முதல் அடி வேருக்குத்தான். வேர் நுனியில் செல் பிரிவது தடைப்படும். வேர் குட்டையாகி, தடித்து, பழுப்பாகும். சல்லிவேரும் வேர்த்தூவியும் குறையும். வேர் சுருங்கினால் நீரும் உரமும் எங்கிருந்து ஏறும்?

3. உணவுப் போட்டி: காட்மியம், துத்தநாகம் போலவும் மாங்கனீசு போலவும் வேஷம் போட்டுக்கொண்டு அவற்றின் வாசல் வழியே நுழைகிறது. குரோமேட், சல்ஃபேட்டின் வாசலில் நுழைகிறது. ஆர்சனிக், சிலிக்காவின் வாசலில் நுழைகிறது. நெல் நிறையச் சிலிக்கா குடிக்கும் பயிர் என்பதால், ஆர்சனிக்கையும் மற்ற தானியங்களைவிடக் கூடுதலாகக் குடித்துவிடுகிறது. இப்படிக் கள்ளத்தனமாக நுழைபவை, நியாயமாக ஏற வேண்டிய சத்துகளைத் தடுத்தும் விடுகின்றன.

4. பச்சையம்: இரும்பும் மெக்னீசியமும் சரியாகக் கிடைக்காததாலும், பச்சையம் தயாரிக்கும் நொதிகள் முடங்குவதாலும் இலை வெளுக்கும். ஒளிச்சேர்க்கை குறையும்.

5. உள் எரிச்சல்: செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீவிர ஆக்சிஜன் பொருட்கள் பெருகி, செல் சவ்வையும் புரதத்தையும் தாக்கும். இரும்பு துருப்பிடிப்பது போல உள்ளுக்குள்ளே ஒரு துரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. மகசூல்: தூர் கட்டுவது குறையும். கதிர் சிறுக்கும். பால் பிடிக்காமல் பதர் கூடும்.

பயிரும் சும்மா இருப்பதில்லை, போராடிப் பார்க்கிறது. வேரின் செல் சுவரிலேயே உலோகத்தைப் பிடித்து வைக்கும். கந்தகம் உள்ள பைட்டோகிலேட்டின் என்னும் சிறு மூலக்கூறுகளைத் தயாரித்து, உலோகத்தைக் கட்டி, செல்லின் உள்ளறையில் போட்டுப் பூட்டும். (நம் லேப் அலமாரிப் பாட்டில் ஞாபகம் வருகிறதா?) 1985-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தார்கள். பூட்டு போதாதபோதுதான் பயிர் தோற்கிறது.

வாடாத பயிர்தான் ஆபத்து

இந்த இடத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள், நண்பர்களே.

குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், மணிக்குப் போவது மிகக் குறைவு. அது பயிரைக் கெடுக்கும், மகசூலைக் கெடுக்கும். ஆனால் பயிர் வாடிக் காட்டிக்கொடுத்துவிடும். விவசாயி நஷ்டப்படுவான், ஆனால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

காட்மியம் அப்படி இல்லை. பயிருக்கு ஒரு குறையும் தெரியாத அளவிலேயே அது மணிக்குள் போய் உட்கார்ந்துவிடும். வயல் பச்சையாக இருக்கும், கதிர் சாயும், மூட்டை நிறையும், அரிசி வெள்ளையாக இருக்கும். நாற்றின் நிறத்தை வைத்தே குறை சொல்லும் என் அப்பாவாலும் இதைச் சொல்ல முடியாது.

அரிசியில் எவ்வளவு இருக்கலாம்? தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் காட்மியம்தான் கோடெக்ஸ் எனும் உலக உணவுத் தர அமைப்பின் எல்லை. இது எவ்வளவு சிறியது தெரியுமா? ஓர் அரிசியின் எடை ஏறக்குறைய 20 மில்லிகிராம். ஒரு கிலோவில் சுமார் 50,000 அரிசி. அதில் ஒரே ஒரு அரிசியை ஐம்பதாக நறுக்கி ஒரு துண்டை எடுத்தால், அதுதான் 0.4 மில்லிகிராம்! ஆனால் மூன்று வேளையும் சோறு சாப்பிடும் நமக்கு, சிறுநீரகத்தில் நுழைந்த காட்மியம் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது வருடம் ஆகும். வரவு தினமும், செலவு தலைமுறைக்கு ஒருமுறை!

ஜப்பான் கற்ற பாடம்

ஜப்பானில் டொயாமா பகுதியில் ஜின்சு என்று ஓர் ஆறு. அதன் மேற்பகுதியில் காமியோகா சுரங்கம். அங்கே துத்தநாகமும் ஈயமும் எடுத்தார்கள். துத்தநாகத் தாதுவோடு கூடவே இருப்பது காட்மியம். கழிவு ஆற்றில் கலந்தது. ஆற்று நீர் நெல் வயலுக்குப் பாய்ந்தது. அந்த அரிசியைத் தின்று, அந்தத் தண்ணீரைக் குடித்து வாழ்ந்த மக்களில், குறிப்பாகப் பல பிள்ளைகள் பெற்ற நடுத்தர வயதுப் பெண்களுக்கு, இடுப்பிலும் காலிலும் தாங்க முடியாத வலி வந்தது. சிறுநீரகம் கெட்டு, எலும்பு மிருதுவாகி, இருமினாலே எலும்பு முறியும் நிலை. "இத்தாய் இத்தாய்" என்று அலறினார்களாம். நம் பாஷையில் "வலிக்குதே, வலிக்குதே!" நோய்க்கும் அதுவே பெயராகிவிட்டது.

ஹகினோ நொபோரு என்னும் உள்ளூர் மருத்துவர், சுரங்கக் கழிவுதான் காரணம் என்று சொன்னபோது உடனே யாரும் ஏற்கவில்லை. 1961-ல் காட்மியத்தைச் சுட்டிக்காட்டினார். 1968-ல்தான் ஜப்பான் அரசு இதை மாசினால் வந்த நோய் என்று அறிவித்தது. மக்கள் வழக்குப் போட்டு 1971-ல் வென்றார்கள். 1972-ல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். அத்தோடு நிற்கவில்லை. சுரங்க ஆலைக்குள் ஆண்டுதோறும் நிபுணர்களோடு தாங்களே போய்ச் சோதிக்கும் உரிமையையும் ஒப்பந்தமாக எழுதி வாங்கினார்கள். படிப்பறிவுள்ள இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் இது!

கெட்ட மண்ணைச் சரிசெய்ய எவ்வளவு காலம்? ஏறக்குறைய 860 ஹெக்டேர் நிலத்தில், மாசுபட்ட மண்ணை மூடி நல்ல மண்ணைப் பரப்பும் வேலை 2012-ல்தான் முடிந்தது. முப்பது வருடத்துக்கும் மேல்! கொட்டுவதற்கு ஒரு நிமிஷம், அள்ளுவதற்கு ஒரு ஆயுள்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2013-ல் சீனாவின் குவாங்சோ நகரில் அரிசி, அரிசிப் பண்டங்களின் 18 மாதிரிகளைச் சோதித்ததில் 8-ல் காட்மியம் அந்த நாட்டு எல்லையைத் தாண்டியிருந்தது.

நம் பாலாறு

வடக்கே உள்ள நண்பர்களுக்குப் பாலாற்றங்கரைக் கதையைச் சொல்லத் தேவையில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் தொழில் வளர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதே தொழிலின் கழிவு, வேறு பல குடும்பங்களின் சோற்றில் கை வைத்தது.

1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இந்தியா முழுவதும் பேசப்பட்டது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்குப்படி, தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. "மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்" என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று வழக்கில் தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு தரவும், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும் உத்தரவிட்டது. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே 28 வருடம்! என் வயது 18.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். தோல் கழிவுநீர் பாய்ந்த வயலில் பயிர் மஞ்சளானால் உடனே "குரோமியம்" என்று சொல்லிவிடக் கூடாது. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் சோற்றுப்பு அந்தத் தண்ணீரில் ஏராளம். இலை நுனி கருகுவதும் மண் இறுகுவதும் பெரும்பாலும் உப்பின் வேலை. பதனிடும்போது சேர்ப்பது மூன்று இணைதிறன் குரோமியம். தோல் அதில் 60, 70 சதவீதத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். மிச்சம் நீரோடு வெளியே வரும். அது மண்ணில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. டைகுரோமேட் தயாரிக்கும் ஆலைக் கழிவில் இருப்பதோ ஆறு இணைதிறன் குரோமியம். அது நீரில் கரைந்து ஓடும், நஞ்சும் அதிகம். எது உப்பு, எது உலோகம், எந்த உலோகம், எந்த வடிவம் என்று பிரித்துச் சொல்வதுதான் படித்தவனின் வேலை. சும்மா பழி போடுவதற்குப் படிப்பு எதற்கு?

என்ன செய்யலாம்?

1. சுண்ணாம்பு: அமில மண்ணில் காட்மியம் எளிதில் கரையும். சுண்ணாம்பு இட்டு பி.எச். உயர்த்தினால் அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

2. தொழு உரம்: மக்கிய சாணமும் இலைதழையும் ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறனாக ஒடுக்க உதவும். நாம் லேபில் பை சல்ஃபைட் கொண்டு செய்ததை மண்ணில் சாணம் மெதுவாகச் செய்கிறது!

3. துத்தநாகமும் சிலிக்காவும்: மண்ணில் துத்தநாகம் போதிய அளவு இருந்தால் காட்மியத்துக்கு இடம் குறையும். உமிச் சாம்பலிலும் வைக்கோலிலும் சிலிக்கா உண்டு. அது ஆர்சனிக்கைத் தடுக்க உதவும். ஆனால் மாசுபட்ட வயலின் வைக்கோலையே திரும்பப் போட்டால் உலோகமும் திரும்பி வரும், ஜாக்கிரதை.

4. நீர் நிர்வாகம்: வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்ஃபைடாகிவிடும். கதிர் வரும் சமயத்தில் வயலைக் காயவிட்டால் காட்மியம் மறுபடியும் கரைந்து மணிக்கு ஏறும். ஆர்சனிக்குக்கு நேர் எதிர். தேங்கினால் கரையும், காய்ச்சினால் அடங்கும். எந்த உலோகம் என்று தெரியாமல் மடையைத் திறந்தால் ஒன்றைத் தடுக்கப் போய் இன்னொன்றை அழைத்துவிடுவோம்.

5. ரகம்: 2012-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கோஷிஹிகாரி என்ற நெல்லில், காட்மியம் நுழையும் மாங்கனீசு வாசலே வேலை செய்யாத விகாரங்களை உருவாக்கி, மணியில் காட்மியம் மிகக் குறைந்த நெல்லைப் பெற்றார்கள்.

6. மிக மோசமான நிலத்தில் உணவுப் பயிரை நிறுத்திவிட்டு, பூவோ பருத்தியோ மரமோ வைப்பது. கடுகுக் குடும்பச் செடிகளும் வெட்டிவேரும் மண்ணிலிருந்து உலோகத்தை ஈர்க்கவும் பிடித்து வைக்கவும் உதவும். ஆனால் அறுவடை செய்த அந்தச் செடியை மாட்டுக்குப் போடக் கூடாது.

சமையலறைக்கும் ஒரு குறிப்பு: நல்ல தண்ணீரை நிறைய வைத்து வேகவிட்டு, கஞ்சியை வடித்துவிட்டால் அரிசியிலுள்ள ஆர்சனிக் ஓரளவு குறையும். நம் பாட்டிமார் வடித்த சோறு இந்த விதத்தில் குக்கர் சோற்றைவிட மேல். ஆனால் காட்மியம் கழுவினாலும் வடித்தாலும் பெரிதாகக் குறையாது.

எங்கள் வீட்டு நிலம்

இதையெல்லாம் படித்துவிட்டுப் பொங்கல் லீவில் ஊருக்குப் போய் வீட்டில் விளக்கினேன். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டார்கள்:

"அப்ப நம்ம நெலத்து அரிசிய துன்னலாமாடா, வேணாமாடா?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் வாய்க்காலில் சில வருடமாக நுரை வருகிறது. யார் விடுவது, அதில் என்ன இருக்கிறது என்று சோதிக்காமல் நான் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அப்பா பெட்டியைத் திறந்து மண்வள அட்டையை எடுத்துக் கொடுத்தார். 2015-ல் தொடங்கிய திட்டம் அது. தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், பி.எச்., உப்பின் அளவு, கரிமம் என்று மொத்தம் பன்னிரண்டு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காட்மியமும் குரோமியமும் ஈயமும் அதில் இல்லை. கேட்டால்தான், தனியாக அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்ற கருவியில் பார்த்தால்தான் தெரியும்.

"இவ்ளோ நாளு இத பத்திரமா வெச்சிருந்தனே" என்றார் அப்பா.

மறுநாள் காலை இருவரும் வயலில் இறங்கினோம். மண் எடுக்கும் முறையை உங்களுக்கும் சொல்கிறேன். வரப்போரம், எருக்குழி, மரநிழலை விட்டுவிட வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்து இடத்தில், ஆங்கில 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். உலோகச் சோதனைக்கு என்றால் கரணையும் மண்வெட்டியும் பட்ட மண்ணை ஒதுக்கிவிட்டு மரக்குச்சியால் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கருவியின் உலோகமே கணக்கில் வந்துவிடும். எல்லாவற்றையும் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பில் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை நீக்கி, இப்படியே அரை கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்திப் பையில் கட்ட வேண்டும். வாய்க்கால் மடை ஓரத்து மண்ணைத் தனிப் பையில் எடுத்தோம். அங்கே கூடுதலாக இருந்தால் தண்ணீரோடு வந்தது என்று அர்த்தம்.

அப்பா குச்சியால் மண் சீவினார், நான் பையில் எழுதினேன். முப்பது வருடமாக அவர் உழுகிற மண். அவருக்குத் தெரியாத ஒன்றை நான் எழுதியது அன்றைக்குத்தான். இந்தக் கட்டுரையை எழுதும்போது அந்தப் பைகள் சார் வழியாக ஆய்வகத்துக்குப் போயிருக்கின்றன. முடிவு எதுவானாலும் அம்மாவிடம் முதலில் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

நாளை வால்வு நம் கையில்

நண்பர்களே, கடைசியாக ஒரு வார்த்தை.

நாமெல்லாம் டிப்ளமோ முடித்து எங்கே போகப் போகிறோம்? பலர் ஆலைக்குத்தான். ஷிப்டில் நின்று பம்பைப் போடுவதும், சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு கலப்பதும், பி.எச். பார்த்து லாக் புக் எழுதுவதும் நாம்தான். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்த குரோமியம் 2 மில்லிகிராம் என்பது விதி. அந்த எண்ணைப் புத்தகத்தில் எழுதப் போகிற பேனா நம் சட்டைப் பையில்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு, சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது, மழை பெய்கிறது, யாரும் பார்க்கவில்லை, "வால்வைத் திறந்து விடுய்யா" என்று ஒரு குரல் வந்தால்? முதல் சம்பளம் வாங்கி வீட்டுக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் எனக்கும் இருக்கிறது. அது சுலபம் என்று நான் சொல்லவில்லை. என் கையே ஒருமுறை பாட்டிலைச் சாய்த்திருக்கிறது.

அதனால்தான் இன்றைக்கே பழகுவோம் என்கிறேன்:

• லேபில் மிஞ்சும் உலோகக் கரைசலை சிங்க்கில் ஊற்றாமல், தனி ஜாடியில் சேர்ப்போம்.

• பழைய பேட்டரி செல்லை ஹாஸ்டல் குப்பையில் எரிக்க மாட்டோம்.

• நம் ஊர் மண்ணை ஒருமுறையாவது எடுத்துச் சோதிக்கக் கொடுப்போம்.

• லாக் புக்கில் பார்த்ததை மட்டும் எழுதுவோம்.

நம் மாணவர் சங்கம் முன்வந்து ஒவ்வொரு லேபிலும் "உலோகக் கழிவு" என்று ஒரு ஜாடி வைக்க ஏற்பாடு செய்தால் இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்ததாக மகிழ்வேன். பெரிய செலவில்லை, ஒரு ஜாடியும் ஒரு லேபிளும்தான்.

மண்ணில் சேர்ந்தது பயிரில் சேரும்;
பயிரில் சேர்ந்தது வயிற்றில் சேரும்.
கொட்டும் முன் யோசிப்போம், சோற்றைக் காப்போம்!